மூன்று கதிர்ப் படம்: ஒரு திறனாய்வு

கவிதையைத் திறனாய்வு செய்கிறோம். நாடகத்தையும் ஓவியத்தையும் திறனாய்வு செய்கிறோம். ஆனால் உயர்நிலைப் பள்ளி வரை படித்த ஒவ்வொருவரும் தம் கையாலேயே பலமுறை வரைந்த ஒரு படம் உண்டு. அது நல்ல படமா, குறையுள்ள படமா என்று யாரும் கேட்பதில்லை.

அந்தப் படத்தை உங்களுக்கு நினைவூட்டுகிறேன். கிடையாக ஒரு கோடு. அதன் நடுவே செங்குத்தாக நிற்கும் பருப்பு வடிவம், அதுதான் குவிலென்சு. இடப்பக்கம் நிமிர்ந்து நிற்கும் ஓர் அம்பு. அம்பின் நுனியிலிருந்து மூன்று கதிர்கள் புறப்படுகின்றன. ஒன்று அச்சுக்கு இணையாகச் சென்று, லென்சைக் கடந்ததும் குவியத்தின் வழியே இறங்குகிறது. ஒன்று லென்சின் நடுப்புள்ளி வழியாக வளையாமல் நேரே போகிறது. ஒன்று முன்பக்கக் குவியத்தின் வழியே வந்து, பின்பு இணையாக வெளியேறுகிறது. மூன்றும் வலப்பக்கம் சந்திக்கும் இடத்தில் தலைகீழாக ஓர் அம்பு. அளவுகோல் வைத்துப் பென்சிலால் வரைந்து, பாகங்களைக் குறித்தால் முழு மதிப்பெண்.

இந்தப் படத்தின்மேல் எனக்கு ஏன் இத்தனை அக்கறை என்றால், அது எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. பெரம்பலூருக்கு மேற்கே, பச்சைமலை கண்ணுக்குத் தெரியும் ஓர் ஊரில் நான் ஆசிரியராக இருந்தேன். காலாண்டுத் தேர்வில் கிட்டப்பார்வைக் குறைபாட்டையும் அதைக் குழிலென்சு சரிசெய்யும் விதத்தையும் படத்துடன் விளக்கச் சொல்லியிருந்தேன். கடைசி வரிசையில் அமரும் ஒரு மாணவன் அச்சிட்டது போல் வரைந்திருந்தான். முழு மதிப்பெண் போட்டேன். அடுத்த வாரம் அவன் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுவதைக் கண்டு அதட்டினேன். "போர்டுல எழுதினது தெரியலைங்க சார்" என்றான். எத்தனை நாளாக என்று கேட்டேன். "எப்பவுமே அப்படித்தான் சார்." தேர்வில் நீ வரைந்தாயே, அது என்ன குறை என்று கேட்டபோது அவன் சற்று விழித்துவிட்டு, "அது பாடத்துல வர்ற கண்ணு சார்" என்றான்.

பின்னர் அவனுக்கு இரண்டரை டயாப்டர் கண்ணாடி தேவைப்பட்டது. அதாவது நாற்பது செ.மீ. தூரத்துக்கு அப்பால் உள்ள எதுவும் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்ததில்லை. தன் குறையைத் தானே வரைந்து மதிப்பெண் வாங்கியிருக்கிறான். அது தன் கண்ணைப் பற்றியது என்று அவனுக்கும் தோன்றவில்லை, திருத்திய எனக்கும் தோன்றவில்லை. தவறு என்னுடையதுதான். ஆனால் அந்தப் படத்துக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் வாதம்.

முதலில் நியாயமாகப் பேசுவோம். மூன்று கதிர்ப் படம் பொய்யன்று. பிம்பம் எங்கே விழும், எவ்வளவு பெரிதாக இருக்கும், நிமிர்ந்திருக்குமா தலைகீழா என்ற கேள்விகளுக்கு ஓர் அளவுகோலும் பென்சிலும் கொண்டு விடை தந்துவிடுகிறது. மூன்று கதிர்கள்கூட வேண்டா, இரண்டே போதும். குறை எங்கே என்றால், அது ஒரு கணக்கு. ஆனால் ஒரு காட்சியைப் போல வேடம் போட்டுக்கொண்டு நிற்கிறது. மாணவர் அதைப் பார்த்து, 'லென்சில் இப்படித்தான் நடக்கிறது, மூன்று கதிர்கள் வருகின்றன, மூன்று கதிர்கள் போகின்றன' என்று நம்பிவிடுகிறார்.

சோதித்துப் பார்க்கலாம். லென்சின் மேல்பாதியைக் கறுப்புத்தாளால் மூடிவிட்டால் திரையில் என்ன தெரியும்? இந்தக் கட்டுரையை மேலே படிப்பதற்கு முன் உங்கள் விடையை மனத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஃபிரெட் கோல்டுபர்க், லில்லியன் மெக்டெர்மட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதே கேள்வியைக் கல்லூரி மாணவர்களிடம் கேட்டு, 1987-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் கேட்ட மாணவர்களில் லென்சுப் பாடத்தைப் படித்து முடித்தவர்களும் இருந்தனர். பலரும் சொன்ன விடை: பாதிப் பிம்பம் மறைந்துவிடும். லென்சையே எடுத்துவிட்டால் பிம்பம் நிமிர்ந்துகொள்ளும் என்றவர்களும் உண்டு. நம் மாணவர்கள் மட்டும் சளைத்தவர்கள் அல்லர். என் வகுப்பிலும் இதே விடைதான் வந்தது.

உண்மையில் முழுப்பிம்பமும் அப்படியே நிற்கும். ஒளி மட்டும் பாதியாகக் குறையும். ஏனென்றால் அம்பின் நுனியிலிருந்து புறப்படுபவை மூன்று கதிர்கள் அல்ல, எண்ணில் அடங்காதவை. அவை லென்சின் முகம் முழுவதையும் நிறைத்து விழுகின்றன; எல்லாம் வளைந்து ஒரே இடத்தில் கூடுகின்றன. அம்பின் அடியிலிருந்தும் அவ்வாறே. ஆகவே லென்சின் ஒவ்வொரு துண்டும் முழுப்பொருளின் பிம்பத்தைத் தானே ஆக்கவல்லது. வீட்டில் தாத்தாவோ பாட்டியோ வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடுபவராக இருந்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள். அது +2 டயாப்டர் என்றால் அதன் குவிய தூரம் ஐம்பது செ.மீ. சன்னலுக்கு எதிர்ச் சுவரின் அருகே, சுவரிலிருந்து ஐம்பது செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான தூரத்தில் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கம்பிகளோடு, வெளியே நிற்கும் வேப்பமரத்தோடு, சன்னல் தலைகீழாகச் சுவரில் வந்து நிற்கும். இப்போது விரலால் லென்சின் பாதியை மூடுங்கள். மரம் எங்கும் போகவில்லை என்பதைப் பார்ப்பீர்கள்.

இன்னொரு கேள்வி. ஐந்து செ.மீ. அகலமுள்ள ஒரு லென்சால் பச்சைமலையின் பிம்பத்தைத் தாளில் பிடித்துவிடலாம், பலர் பிடித்திருப்பீர்கள். இதற்கு மூன்று கதிர்ப் படம் வரையுங்கள். மலையுச்சியிலிருந்து அச்சுக்கு இணையாக வரும் முதற்கதிர் எங்கே போகும்? லென்சுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் மேலே ஆகாயத்தில் போய்விடும்! ஆனாலும் பிம்பம் விழுகிறது. ஆகவே அந்தக் கதிர் ஒளியின் பாதை அன்று, கணக்குக்காக நாம் போட்டுக்கொண்ட கோடு. பொருளை எப்போதும் லென்சைவிடச் சிறியதாகவே வரைகிறோம். அதனால் இந்த ஐயமே மாணவருக்கு எழுவதில்லை.

அடுத்தது குவியம். 'இணைகதிர்கள் ஒரு புள்ளியில் குவிகின்றன' என்று எழுதி, அந்தப் புள்ளிக்கு ஓர் எழுத்தும் இடுகிறோம். சூரிய ஒளியை லென்சால் பிடித்துத் தாளில் ஓட்டை போடாத பிள்ளை உண்டா? அங்கே விழுவது புள்ளியா என்று எப்போதாவது உற்றுப் பார்த்தோமா? (தாளில் விழுவதைத்தான் சொல்கிறேன். லென்சின் வழியாகச் சூரியனை ஒருபோதும் பார்க்கக்கூடாது, பார்வை போய்விடும்.) அது புள்ளி அன்று, சூரியனின் குட்டி வட்டம். சூரியன் தன் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 107 மடங்கு தொலைவில் இருக்கிறது. ஆகவே எந்த லென்சானாலும் அதன் குவிய தூரத்தை 107-ஆல் வகுத்தால் கிடைப்பதே சூரிய பிம்பத்தின் விட்டம். குவிய தூரம் பத்து செ.மீ. என்றால் பிம்பம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஐந்து செ.மீ. அகலத்தில் விழுந்த வெயில் அத்தனையும் அந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்குகிறது. குறைபாடற்ற லென்சாக இருந்தால், கணக்கின்படி வெயிலின் செறிவு ஏறத்தாழ 2,800 மடங்கு. தாள் ஏன் பற்றிக்கொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமா?

இதைச் சொல்லும்போது சர் சி. வி. இராமனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர் 1888-இல் திருவானைக்காவலில் பிறந்தவர். அன்று பெரம்பலூரும் அரியலூரும் அதே திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில்தான் இருந்தன. இராமன் விளைவைப் பற்றிப் பாடம் வைத்திருக்கிறோம். பிப்ரவரி 28-ஐ அறிவியல் நாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் லென்சுப் பாடத்தையும் இராமன் பாடத்தையும் இணைத்துப் பேசும் வழக்கம் நமக்கு இல்லை. அவரும் கே. எஸ். கிருஷ்ணனும் 'நேச்சர்' இதழில் 1928 மார்ச் 31-இல் வெளியிட்ட சிறு கடிதத்தில் தங்கள் கருவியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறார்கள். 18 செ.மீ. அகலமும் 230 செ.மீ. குவிய தூரமும் கொண்ட தொலைநோக்கி லென்சு ஒன்று. அதையடுத்து 5 செ.மீ. குவிய தூரமுள்ள இரண்டாவது லென்சு. அந்த இரண்டாவதன் குவியத்தில் ஒளியைச் சிதறடிக்கும் பொருள். கல்கத்தா வெயில்தான் விளக்கு.

ஏன் இரண்டு லென்சுகள்? நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 230-ஐ 107-ஆல் வகுத்தால் இரண்டு செ.மீ.க்குச் சற்று மேல். பெரிய லென்சு மட்டும் இருந்தால் சூரியனின் பிம்பம் ஒரு பழைய ஒரு ரூபாய் நாணயம் போல அகலமாக விழும். செறிவு எழுபது மடங்குதான் கூடும். நம் கையிலிருக்கும் பூதக்கண்ணாடியின் 2,800 எங்கே, இது எங்கே! ஆனால் பூதக்கண்ணாடி திரட்டும் ஒளி மிகக் கொஞ்சம். பெரிய லென்சு திரட்டுவதோ அதைப்போல் பதின்மூன்று மடங்கு. நிறைய ஒளியைத் திரட்டப் பெரிய லென்சு, திரட்டியதைச் சிறு இடத்தில் அடைக்கச் சிறிய லென்சு. அவர்கள் தேடிய சிதறல் ஒளி மிக மிக மங்கலானது; இந்த ஏற்பாடு அவர்களுக்குப் பெரிதும் தேவைப்பட்டது. 'குவியம் ஒரு புள்ளி' என்று மட்டும் படித்தவர் அந்த வாக்கியத்தைப் படித்தால் இரண்டாவது லென்சு ஏன் என்று புரியாமல் கடந்துபோவார். நான் பல ஆண்டுகள் அப்படித்தான் கடந்துபோனேன்.

படத்தின் பெருங்குறைக்கு இப்போது வருகிறேன். லென்சு ஏன் வளைந்திருக்கிறது? கதிர் ஏன் கூடுகிறது? படம் வாய் திறப்பதில்லை. பல படங்களில் கதிர் லென்சின் நடுவே நிற்கும் ஒரு கோட்டில் ஒரே முறை மடங்குகிறது. கண்ணாடிக்குள் நுழையும்போது ஒரு முறை, வெளியேறும்போது ஒரு முறை என இரு வளைந்த பரப்புகளில் நடப்பது அது. வரைவதற்கு எளிது என்று நடுக்கோட்டில் மடக்குகிறோம். அப்படி மடக்கியதைச் சொல்லியாவது இருக்கவேண்டும்.

காரணத்தை வேறு வழியாகப் பார்ப்போம். ஒளி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கி.மீ. ஓடுகிறது. கண்ணாடியில் அது ஏறத்தாழ இரண்டு இலட்சமாகக் குறைகிறது. தொலைவிலிருந்து ஒரே வரிசையாக வரும் ஒளி, லென்சைக் கடந்து பத்து செ.மீ. தள்ளியுள்ள ஓரிடத்தில் ஒன்றுகூட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்சின் நடுவிலிருந்து அந்த இடம் 10 செ.மீ. விளிம்பிலிருந்தோ, லென்சு ஐந்து செ.மீ. அகலமானால், 10.3 செ.மீ. விளிம்பு வழியே வரும் ஒளி மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக நடக்கவேண்டும், அது பின்தங்கிவிடும். எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரவேண்டுமானால் நடுவே வரும் ஒளியைக் கொஞ்சம் தாமதப்படுத்த வேண்டும். எதைக்கொண்டு? கண்ணாடியைக்கொண்டு! நடுவில் கண்ணாடி தடிப்பாக இருக்கட்டும், விளிம்பில் மெலிந்திருக்கட்டும். ஆறு மில்லிமீட்டர் கண்ணாடியைக் கடக்கும் நேரத்தில் ஒளி காற்றில் ஒன்பது மில்லிமீட்டர் போயிருக்கும். தாமதம் மூன்று மில்லிமீட்டர். நமக்கு வேண்டியதும் அதுவே.

ஆக, பத்து செ.மீ. குவிய தூரமும் ஐந்து செ.மீ. அகலமும் உள்ள லென்சு விளிம்பைவிட நடுவில் ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் தடித்திருக்க வேண்டும் என்று, லென்சைக் காணாமலே சொல்லிவிட்டோம். பள்ளி ஆய்வகத்தில் அத்தகைய லென்சு இருந்தால் எடுத்து அளந்து பாருங்கள். அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கலாம். அது வேறு ஆராய்ச்சி.

ஒரு வாளி நீரில் அந்த லென்சை அமிழ்த்தினால் என்னவாகும் என்பதையும் இதே வழியில் அறியலாம். நீரிலும் ஒளி மெதுவாகத்தான் செல்கிறது. கண்ணாடியின் தாமதம் நீரோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆதலால் லென்சின் வலிமை குன்றிவிடும். குவிய தூரம் நான்கு மடங்காகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கண்ணைப் பற்றிப் பேசும்போது உதவும்.

இடையில் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. குவிலென்சு ஒளியைக் குவிக்கிறது. குவியாடி? அது ஒளியை விரிக்கிறது! பேருந்து ஓட்டுநரின் பக்கத்தில் இருக்கும் கண்ணாடி குவியாடிதான். குழிலென்சு விரிக்கிறது, குழியாடி குவிக்கிறது. 'குவி' என்ற ஒரே சொல்லை வடிவத்துக்கும் செயலுக்கும் வைத்துவிட்டோம். நெற்குவியல் புடைத்தும் இருக்கிறது, ஓரிடத்தில் சேர்ந்தும் இருக்கிறது. லென்சில் இந்தச் சொல் நேர்மையாக நடந்துகொள்கிறது. ஆடியில் நம்மை ஏமாற்றுகிறது. 'குவியாடி ஒளியைக் குவிக்கும்' என்று எழுதிய மாணவருக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். அவர் தமிழைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் குவிவு வில்லை, குழிவு வில்லை என்கின்றன. 'குவிவு' என்றால் வடிவம் என்பது சற்றே தெளிவாகிறது. ஆயினும் வில்லை என்றதும் எனக்குக் கற்பூர வில்லையும் மருந்து வில்லையும் நினைவுக்கு வருகின்றன, அவை தட்டையானவை. லென்சு என்ற சொல்லுக்கு இலத்தீனில் மசூர்ப் பருப்பு என்று பொருள். அதில் புடைப்பு இருக்கிறது. என்னைக் கேட்டால் வடிவத்தை விட்டுவிட்டு, குவிக்கும் லென்சு, விரிக்கும் லென்சு, குவிக்கும் ஆடி, விரிக்கும் ஆடி என்று செயலால் பெயரிடுவதே மேல். குழப்பம் அன்றே தீரும்.

லென்சு எதற்கு என்பதையும் படம் சொல்வதில்லை. கீழ்வகுப்பில் ஊசித்துளைக் காமிரா படிக்கிறோம். மேல்வகுப்பில் லென்சு படிக்கிறோம். இரண்டுக்கும் உறவு உண்டு என்று யாரும் சொல்வதில்லை. ஊசித்துளையே பிம்பத்தைத் தந்துவிடுகிறதே, லென்சு வேறு எதற்கு? துளை சிறிதானால் பிம்பம் தெளிவாக இருக்கும், ஆனால் இருட்டாக இருக்கும். துளையைப் பெரிதாக்கினால் வெளிச்சம் கூடும், தெளிவு போய்விடும். வெளிச்சமும் தெளிவும் ஒருங்கே வேண்டுமானால் பெரிய துளையில் ஒரு லென்சைப் பொருத்தவேண்டும். லென்சின் வரலாற்றுப் பயன் முழுவதும் இந்த ஒரு பேரத்தில் அடங்கியிருக்கிறது.

இதற்கு ஓர் உயிருள்ள சான்று உண்டு. அதன் உறவினர் நம் காலடியில் கிடக்கின்றனர். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் மழைநீர் அறுத்த களிமண் ஓடைகளிலும், அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் கடல் உயிரிகளின் புதைபடிவங்கள் கிடைப்பதை அறிவீர்கள். சில கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தில், இங்கே கடல் இருந்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் எச். எஃப். பிளான்ஃபோர்டு 1861-இல் தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் பாறைகளின் தலைக்காலிகளை விவரித்தபோது, அவற்றில் நாட்டிலஸ் வகைச் சிப்பிகளும் இருந்தன. அந்த இனத்தின் வாரிசு இன்றும் பசிபிக், இந்தியப் பெருங்கடல்களில் நீந்துகிறது. அதன் கண்ணில் லென்சு இல்லை! கண்ணின் முன்புறம் ஒரு துளை மட்டும். கடல்நீர் உள்ளேயே போய்வருகிறது. ஊசித்துளைக் காமிராவைத் தலையில் சுமந்துகொண்டு பல கோடி ஆண்டுகள் பிழைத்திருக்கிறது. அதன் தூரத்து உறவினர்களான கணவாய்க்கும் ஆக்டோபசுக்கும் நல்ல லென்சுக் கண்கள் உண்டு. (டிரைலோபைட்டு என்ற பழைய உயிரி கால்சைட்டுப் படிகத்தால் ஆன லென்சுகளையே கண்ணில் கொண்டிருந்தது. அரியலூர்ச் சிமென்டு ஆலைகள் அரைக்கும் சுண்ணாம்புக்கல்லும் அதே கனிமம்தான். ஆனால் டிரைலோபைட்டை அரியலூரில் தேடவேண்டா. இங்கே கடல் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்த இனம் அழிந்துவிட்டது.)

புதைபடிவம் தேடிப் போகும் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. பூதக்கண்ணாடியைத் துப்பறிவாளர் படத்தில் வருவதுபோல் கையை நீட்டிப் பிடிக்காதீர்கள். கண்ணுக்கு ஒட்டினாற்போல் லென்சை வைத்துக்கொண்டு, கல்லை அதன் அருகே கொண்டு வாருங்கள். பத்து மடங்கு லென்சின் குவிய தூரம் இரண்டரை செ.மீ.தான், கல் மூக்கைத் தொடும் அளவுக்கு வரவேண்டும்.

கண்ணுக்கு வருவோம். நம் பாடங்களில் வரும் கண் படங்கள் பலவற்றில் கதிர்கள் கண்ணின் முன்படலத்தை ஒன்றும் நடவாதது போல் நேரே கடந்து, உள்ளேயுள்ள லென்சில் போய்த்தான் வளைகின்றன. உண்மை வேறு. கண்ணின் மொத்தத் திறன் அறுபது டயாப்டர் அளவு. அதில் நாற்பதுக்கும் மேல் முன்படலமான கார்னியாவினுடையது. (பாடநூலில் இதற்கு விழிவெண்படலம் என்று பெயர். பளிங்குபோல் தெளிந்த படலத்துக்கு யார் வெண்மை பூசினார்களோ!) காற்றிலிருந்து கண்ணுக்குள் ஒளி நுழையும் இடம் அதுதான், வேக மாற்றம் பெரிது, ஆகவே வளைவும் பெரிது. உள்ளிருக்கும் லென்சைச் சூழ்ந்திருப்பது நீர்மம். வாளியில் அமிழ்த்திய நம் லென்சைப்போல் அதன் வலிமை குன்றிவிடுகிறது. அருகிலும் தொலைவிலும் பார்க்கத் தன் புடைப்பை மாற்றிக்கொள்வதே அதன் சிறப்பு வேலை. வயது நாற்பதைக் கடந்ததும் அது விறைத்துவிடும். அதைத்தான் வெள்ளெழுத்து என்கிறோம்.

நம்பாதவர்கள் கிணற்றில் குதித்து நீருக்குள் கண்ணைத் திறந்து பாருங்கள். ஏன் எல்லாம் கலங்கித் தெரிகிறது? கிணற்று நீர் தெளிவாகத்தானே இருக்கிறது? கார்னியாவுக்கு முன் காற்று இருந்த இடத்தில் இப்போது நீர். அதன் திறன் அநேகமாக முழுதும் போய்விட்டது. உள்லென்சு மட்டும் தனியே திண்டாடுகிறது. மீன் என்ன செய்கிறது? குழம்பில் கிடக்கும் மீன்தலையில் கண்ணை எடுத்துப் பார்த்தால் வெள்ளையாக, கெட்டியாக ஒரு முத்து இருக்குமே, அதுதான் மீனின் லென்சு, வெந்ததால் வெளுத்திருக்கிறது. அது பருப்பு வடிவம் அன்று, உருண்டை. நீரில் கார்னியா உதவாது என்பதால் லென்சே முழுச்சுமையையும் தாங்கும்படி அவ்வளவு புடைத்திருக்கிறது.

படத்தின் பிழை நூலோடு நிற்பதில்லை. கண்புரை என்றால் உள்லென்சு மங்கிப்போவது. அதை எடுத்துவிட்டால் கண்ணே போய்விடும் என்று அஞ்சி முகாமுக்கு வர மறுத்த முதியவர்களை நான் அறிவேன். எடுத்தபின் சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வயலுக்குப் போனவர்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். லென்சு இல்லாத கண்ணுக்கு ஏறத்தாழ பத்து டயாப்டர் கண்ணாடி போதுமாக இருந்தது; கார்னியா தன் பங்கைச் செய்துகொண்டுதான் இருந்தது. 1949-இல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி எடுத்த லென்சின் இடத்தில் பிளாஸ்டிக் லென்சைப் பொருத்தினார். போரில் விமானிகளின் கண்ணில் தைத்த விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணைக் கெடுக்காமல் கிடந்ததைக் கண்டதால் வந்த யோசனை அது. அயல்நாட்டிலிருந்து வந்த அத்தகைய லென்சுகள் நெடுங்காலம் ஏழைகளுக்கு எட்டாமல் இருந்தன. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992-இல் ஆரோலேப் எழுந்தது. அங்கே இந்த லென்சைச் செய்யத் தொடங்கியபின் நிலைமை மாறியது. சோடாப்புட்டிக் கண்ணாடியை இன்று ஊரில் காண்பது அரிது. தமிழ்நாட்டிலேயே செய்யப்படும் லென்சு ஒன்று நம் ஊர்ப் பாட்டியின் கண்ணுக்குள் இருக்கிறது. லென்சுப் பாடத்தில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

அந்தக் கடைசி வரிசை மாணவனுக்குப் பிறகு, லென்சுப் பாடத்தை நான் படத்தில் தொடங்குவதில்லை. ஓர் அட்டைத்துண்டில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் துளையிட்டு வகுப்பில் சுற்றவிடுவேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றதால் துளைவழியே கரும்பலகையைப் பார்க்கவேண்டும். கண்ணின் லென்சுக் கணக்கில் பிழை இருந்தால், மங்கலாயிருந்த எழுத்து துளையில் தெளியும். நாட்டிலசின் பழைய வித்தைதான். கண் மருத்துவர்களும் இச்சோதனையைச் செய்வதுண்டு. எழுத்து தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடி போட்டால் சரியாகும் குறை. தெளியாவிட்டால் வேறு காரணம் இருக்கலாம். எப்படியானாலும் மருத்துவரிடம் போகவேண்டும்.

முதன்முறை சுற்றவிட்ட அன்று, "எழுத்து தெரியுதுங்க சார்" என்று வியந்தவர்கள் அவனோடு சேர்த்து மூன்று பேர். அவர்களில் ஒருத்தி முதல் வரிசையில் உட்காருபவள். பாடத்தில் ஆர்வம் உள்ளதால் முன்னால் வந்து அமர்கிறாள் என்று இரண்டு ஆண்டுகளாக நான் நினைத்திருந்தேன்.